தையல் ஆரம்பத்தில் மெஷின் துணியை விழுங்குகிறதா? ஒற்றைத் துளைத் தட்டும் மற்ற தீர்வுகளும்: ஒரு மதிப்பீடு

ஒற்றைத் துளைத் தட்டு பார்ப்பதற்குச் சாதாரணமான பொருள். தையல் மெஷினில் ஊசிக்கு நேர் கீழே மாட்டும், உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் தகடு. துணியை நகர்த்தும் பல் மேலே வந்துபோக நீளவாக்கில் சில வெட்டுகள், ஊசி இறங்க நடுவில் வட்டமாக ஒரு சிறு துளை. ஊசி இடமும் வலமும் ஆடித் தைக்கும் ஜிக்ஜாக் மெஷினோடு வரும் தட்டில் அந்த வட்டத் துளைக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு நீள்துளை இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஷிஃபான், ஜார்ஜெட், மெல்லிய பனியன் துணி ஆகியவற்றைத் தைக்கும்போது முதல் அங்குலத்திலேயே துணி உள்ளே போய்ச் சுருண்டுகொள்வதற்குப் பெரும்பாலும் இந்த வித்தியாசமே காரணம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் மாடலுக்கென்றே கம்பெனி இந்தத் தட்டைத் தயாரிக்கிறது, நீங்களும் வாரத்தில் சில நாட்களாவது மெல்லிய துணி தைக்கிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். உங்கள் மாடலுக்குத் தட்டு கிடைக்கவில்லை என்றால், "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்று விற்கும் தட்டில் பணத்தைப் போடாதீர்கள். சரியான ஊசி, துளை சிறிதாக உள்ள ஒரு ஃபுட் (துணியை மேலிருந்து அமுக்கும் பாதம்), இரண்டு விரல் அகல வெட்டுத்துணி, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஏன் விழுங்குகிறது

வீட்டு மெஷின் ஊசியின் முதல் எண் அதன் தடிமனையே சொல்கிறது. 75/11 என்றால் ஊசித் தண்டு 0.75 மி.மீ., 90/14 என்றால் 0.90 மி.மீ. ஜிக்ஜாக் தட்டின் நீள்துளையோ மாடலைப் பொறுத்து 5, 7 அல்லது 9 மி.மீ. அகலம் வரும் ஜிக்ஜாக் தையலுக்காக வெட்டப்பட்டது. 7 மி.மீ. தையல் போடும் மெஷினில் 75 எண் ஊசியை மாட்டினால், ஊசியைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் அகலமான பள்ளத்தின் மீது துணி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஊசி இறங்கும்போது இடமும் வலமும் துணியைத் தாங்க இரும்பு இல்லை.

துணியின் நடுவில் இது தெரியாது. முன்னும் பின்னும் ஃபுட்டும் பல்லும் துணியைப் பிடித்திருக்கும். ஓரத்தில் ஆரம்பிக்கும்போதுதான் வினை. ஊசிக்குப் பின்னால் உள்ள பற்களின் மேல் துணியே இல்லை. முன்பாதிப் பல் மட்டும்தான் பிடிக்கிறது. ஊசி குத்தும் வேகத்துக்குத் துணியின் மூலை மடங்கிப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதே நேரத்தில், பிடிக்காமல் விட்ட நூல் முனைகளைக் கீழே ஷட்டில் (மேல் நூலைப் பிடித்துக் கீழ் நூலோடு பின்னும் கொக்கி) சுற்றி இழுக்கிறது. துணி நகராததால் இரண்டாவது தையல் விழுந்த இடத்திலேயே மூன்றாவதும் நான்காவதும் விழுகின்றன. கீழே நூல் பந்து, மேலே நகராத துணி.

பழைய கறுப்பு மிதி மெஷின்களில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். அவை நேர்த்தையல் மட்டுமே போடுபவை. பிறக்கும்போதே வட்டத் துளைத் தட்டோடும் குறுகிய ஃபுட்டோடும் வந்தவை. புது மெஷின் தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. ஜிக்ஜாக்கும் காஜாவும் போட வேண்டும் என்பதற்காக அதன் தட்டை அகலமாக வெட்டியிருக்கிறார்கள். மிதி மெஷினில் துணியும் நூலும் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது வேறு: ஆரம்பிக்கும்போது சக்கரம் ஒரு கணம் பின்பக்கமாகச் சுற்றிவிடுகிறதா என்பது. கைச்சக்கரத்தை உங்களை நோக்கித் தள்ளிவிட்ட பிறகே மிதியுங்கள்.

தட்டு

ஜூகியின் டிஎல் (TL) வரிசை போன்ற நேர்த்தையல் மெஷின்களில் ஒற்றைத் துளைத் தட்டு இயல்பாகவே இருக்கிறது. ஜனோமியின் மெமரி கிராஃப்ட் 6700பி போன்ற உயர்ரக மாடலில் நேர்த்தையல் தட்டைக் கூடவே தருகிறார்கள். திருகைக் கழற்றாமல் மாற்றலாம். எந்தத் தட்டு மாட்டியிருக்கிறது என்பதை மெஷினே உணர்ந்துகொள்வது பெரிய நிம்மதி. வீட்டில் பரவலாக இருக்கும் சிறிய ஜிக்ஜாக் மாடல்களின் நிலை வேறு. சிலவற்றுக்குத் தனியாகக் கிடைக்கும், பலவற்றுக்குக் கிடைக்காது. கடைக்குப் போகும்முன் மெஷினின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிராண்டு பெயர் மட்டும் போதாது. ஒரே பிராண்டிலேயே திருகுத் துளைகளின் இடம், பல் வரிசைகளின் எண்ணிக்கை, தட்டின் கனம் எல்லாம் மாறும். கால் மில்லிமீட்டர் கனம் கூடினாலே பல் போதிய அளவு மேலே வராது, துணி நகராது, தீர்க்க வந்த தொல்லையையே தட்டு கூட்டிவிடும்.

வாங்கி மாட்டியதும் மோட்டாரைத் தொடக் கூடாது. ஊசியை நடு நிலையில் வைத்து, கைச்சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாக முழுச் சுற்றாக நான்கைந்து முறை சுற்றுங்கள். ஊசி துளையின் நடுவில் இறங்க வேண்டும். ஓரத்தில் உரசும் 'கிரீச்' சத்தம் கேட்டால் ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். புது ஊசியும் உரசினால் அந்தத் தட்டு உங்கள் மெஷினுக்கானதல்ல, அல்லது ஊசித்தண்டின் இடம் விலகியிருக்கிறது. பற்கள் வெட்டுகளின் பக்கங்களில் இடிக்காமல் ஏறி இறங்குகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கடைசியாக, துளைக்குள் ஒரு தையல் நூலை விட்டு நாலாபுறமும் இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறினால் துளை விளிம்பில் கூர் இருக்கிறது. 600க்கு மேற்பட்ட எண்ணுள்ள எமரித் தாளை மெல்லிய திரியாகத் திரித்து உள்ளே விட்டு நாலைந்து முறை இழுத்தால் போதும். துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது.

இந்தத் தட்டில் பெரிய குறை ஒன்று உண்டு. தட்டை உணரும் வசதி இல்லாத மெஷினில், தட்டு மாட்டியிருப்பதை மறந்து ஜிக்ஜாக்கையோ பிகோவையோ காஜாவையோ திருப்பிவிட்டால் ஊசி இரும்பில் மோதும். ஊசித் துண்டு கண்ணுக்கு நேராகத் தெறிக்கலாம், ஷட்டில் முனை கீறலாம், டைமிங் (ஊசியும் ஷட்டிலும் ஒத்து இயங்கும் நேரம்) விலகலாம். இரட்டை ஊசியும் போடக் கூடாது. ஊசியை இடமோ வலமோ நகர்த்தவும் கூடாது. தட்டை மாட்டியவுடன் தையல் தேர்வு டயலின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். தட்டைக் கழற்றும்போதுதான் டேப்பையும் எடுக்க வேண்டும். ஒரு மெஷினைப் பலர் பயன்படுத்தும் கடையிலும் பயிற்சி வகுப்பிலும் டேப் இல்லாமல் இந்தத் தட்டை மாட்டவே வேண்டாம்.

ஜீன்ஸ், கித்தான் தைக்கவும் இதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். கனத்த மடிப்பில் ஊசி கொஞ்சம் வளைந்தே இறங்கும். சிறு துளை அதற்கு இடம் தராது. 100/16, 110/18 ஊசிகளுக்குப் பழைய தட்டையே திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

தட்டு கிடைக்காதவர்களுக்கு

ஊசியை இடது கோடிக்கு நகர்த்த உங்கள் மெஷினில் வசதி இருந்தால், செலவே இல்லாமல் பாதித் தட்டு கிடைத்த மாதிரி. இடது நிலையில் ஊசி நீள்துளையின் இடது விளிம்பை ஒட்டி இறங்கும். முன், பின், இடது என்று மூன்று பக்கமும் துணிக்கு இரும்பின் தாங்கல் கிடைக்கும். அளவு மட்டும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். 7 மி.மீ. அகலத் தையல் மெஷினில் ஊசி நடுவிலிருந்து சுமார் 3.5 மி.மீ. விலகுகிறது, 5 மி.மீ. மெஷினில் 2.5 மி.மீ. தட்டில் உள்ள கோடுகள் பெரும்பாலும் நடு ஊசிக்கு வரையப்பட்டவை. வலப்பக்கக் கோட்டைப் பார்த்து வழக்கம் போலத் தைத்தால் தையல் உள்ளே தள்ளி விழும். ஜாக்கெட் இருபுறமும் இறுகிப் போகும்.

நீள்துளையின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஊசியே தனக்கு ஒரு துளை போட்டுக்கொள்ளும்படி விடுவது இன்னொரு வழி. பற்களை மூடாதபடி மெல்லிய துண்டாக ஒட்ட வேண்டும். வேலை செய்கிறது, ஆனால் ஒரு நாள் கூத்துதான். ஊசியில் பசை ஏறும், துளை கிழிந்து பெரிதாகும். அவசரத்துக்கு மட்டும்.

ஃபுட்

இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஜிக்ஜாக் ஃபுட்டிலும் ஊசி இறங்கும் இடம் அகலமான வெட்டுதான். கீழே தாங்கலும் இல்லை, மேலே அமுக்கமும் இல்லை. கால் அங்குல ஃபுட் என்று விற்பதில் ஊசிக்கு ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். ஊசி மேலே எழும்போது துணி கூடவே எழாமல் அது அமுக்கிப் பிடிக்கும். அகலத் தட்டின் மேல் இதை மாட்டினாலே ஆரம்பச் சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். தையல் விட்டுப்போவதும் சேர்ந்தே குறையும்.

வாங்கும்போது உங்கள் மெஷினின் ஃபுட் 'கிளிக்' என்று மாட்டும் வகையா, திருகு வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய ஃபுட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. இதையும் கைச்சக்கரத்தால் சுற்றிப் பார்த்த பிறகே மிதிக்க வேண்டும். துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் ஊசி ஃபுட்டைக் குத்தும். முக்கியமாக, மேலே சொன்ன இடது ஊசி நிலையை இந்த ஃபுட்டோடு சேர்க்கவே கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

ஊசி

முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காது, தள்ளும். அப்படித் தள்ளப்படும் துணிதான் பள்ளத்துக்குள் போகிறது. அதனால் தட்டு வாங்கும்முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதோடு கதை முடிந்துவிடும்.

ஷிஃபான், ஜார்ஜெட், கிரேப், மெல்லிய பட்டு ஆகியவற்றுக்கு மைக்ரோடெக்ஸ் வகையில் 60/8 அல்லது 70/10. முனை நல்ல கூராகவும் தண்டு ஒல்லியாகவும் இருக்கும். சாதாரண பருத்தி ஜாக்கெட்டுக்கு 75/11 அல்லது 80/12 போதும். லைனிங்கோடு சேர்த்துத் தைக்கும்போதும் 80ஐத் தாண்டத் தேவை இல்லை. பனியன், லைக்ரா போன்ற இழுபடும் துணிக்குக் கூர் முனை ஆகாது. பால்பாயின்ட் அல்லது ஸ்ட்ரெட்ச் 75/11 போடுங்கள். கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

ஜப்பானின் ஆர்கன், ஜெர்மனியின் ஷ்மெட்ஸ் இரண்டுமே நம்பிப் போடலாம். வீட்டு மெஷினுக்கு உறையில் 130/705 எச் அல்லது எச்ஏ×1 என்று இருக்க வேண்டும். இவற்றின் காம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். டிபி×1 (DB×1) என்று இருந்தால் அது தொழிற்சாலை மெஷினுக்கான உருண்டைக் காம்பு ஊசி. வீட்டு மெஷினில் மாட்டக் கூடாது. ஊசிக்கு ஏற்ற நூலும் வேண்டும். 60 எண் ஊசியின் காதில் தடித்த நூலைத் திணித்தால் நூல் அறும், சுருளும். பழி தட்டின் மேல் விழும்.

காகிதமும் ஸ்டெபிலைசரும்

கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் (துணிக்கு அடியில் வைத்து விறைப்புத் தரும் தாள்) நன்றாக வேலை செய்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி ஆரம்ப முனையின் அடியில் வைத்து, சேர்த்துத் தைத்து, பிறகு தையலை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு கிழித்தால் சுத்தமாக வந்துவிடும். எம்பிராய்டரி செய்பவர்களிடம் மிஞ்சும் துண்டுகளே இதற்குப் போதும். இதற்கென்று புது ரோல் வாங்குவது வீண்.

டிஷ்யூ காகிதமும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை வெளிர்நிறத் துணியில் ஏறினால் போகாது. தண்ணீரில் கரையும் வகை ஸ்டெபிலைசர் ஷிஃபானுக்கு நல்லது என்பார்கள். பாலியஸ்டர் ஷிஃபானுக்குச் சரி. நீர் பட்டால் தடம் விழும் பட்டில் அதை வைப்பது அபாயம். வாயில் (voile) என்னும் மெல்லிய பருத்தித் துணி போன்றவற்றுக்கு இதெல்லாம்கூடத் தேவை இல்லை. ஓரத்தில் லேசாகக் கஞ்சி தடவி இஸ்திரி போட்டாலே துணி விறைத்து நிற்கும். தையல் முடிந்ததும் அலசிவிடலாம்.

மேட்டில் ஆரம்பிப்பது

ஜீன்ஸ் அடிமடிப்பின் ஓரத்தில் ஆரம்பிக்கும்போது துணி நகராமல் நிற்பது வேறு காரணத்தால். ஃபுட்டின் முன்பாதி நான்கு மடிப்புத் துணியின் மேல், பின்பாதி வெறும் தட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்ந்த ஃபுட் துணியைப் பின்னால் போக விடாது. இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் உயரத் தட்டு விற்கிறார்கள். ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் செருகினால் ஃபுட் மட்டமாகிவிடும். நல்ல யோசனைதான், ஆனால் வாங்க வேண்டியதில்லை. வெட்டி எடுத்த அதே ஜீன்ஸ் துண்டை அதே எண்ணிக்கையில் மடித்து வைத்தால் கனம் அச்சாகப் பொருந்தும். பிளாஸ்டிக் தட்டின் கனமோ மாறாதது. அதற்கும் முன்னால் உங்கள் ஃபுட்டைப் பாருங்கள். ஜனோமி, பிரதர் மெஷின்களின் ஜிக்ஜாக் ஃபுட்கள் பலவற்றில் சிறு கறுப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஃபுட்டின் முன்முனையை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்திக்கொண்டே ஃபுட்டை இறக்கினால் அது சாயாமல் நிற்கும். துணி முழுதாக அடியில் போனதும் பொத்தான் தானே விடுபடும். மெஷினோடு இலவசமாக வந்த இந்த வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை.

எதை வாங்கினாலும் விடக் கூடாத முறை

நூல் கோர்க்கும்போது ஃபுட் மேலே தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காரும். துணியின் அடியில் கூடு போல நூல் குவிந்தால், கீழ் நூல் சுற்றிய பாபினின் கேஸில் உள்ள திருகைத் தொடாதீர்கள். மேல் நூல் டென்ஷனில் உட்காராததே வழக்கமான காரணம். பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாக 10 செ.மீ. விடுங்கள்.

ஓரத்தின் நுனியில் ஊசியை வைக்காமல் சுமார் 1 செ.மீ. உள்ளே தள்ளி, கைச்சக்கரத்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி, அதன் பிறகு ஃபுட்டை இறக்குங்கள். நூல் முனைகளைப் பின்னால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மூன்று தையல் முன்னே போய், ரிவர்ஸில் ஓரத்தை நோக்கி வந்து, ஓரத்துக்கு ஒரு தையல் முன்பே நிறுத்தி, மறுபடி முன்னே போங்கள். ரிவர்ஸில் துணியைத் தாண்டி ஊசி வெளியே விழுந்தால் அங்கேயே சிக்கும். ஆரம்பச் சிக்கல் என்று சொல்வதில் கணிசமான பங்கு இந்த ஒரு தையலால் வருவதுதான். தையல் நீளம் 2.5 மி.மீ. வைக்கலாம், ஷிஃபானுக்கு 2. நீளத்தைப் பூஜ்யத்துக்கு அருகில் வைத்து முடிச்சுப் போடும் பழக்கம் மெல்லிய துணிக்கு ஆகாது. துணி நகராமல் ஒரே இடத்தில் குத்துப்படும்.

அடுத்தது வெட்டுத்துணி. 5 செ.மீ. சதுரப் பருத்தித் துண்டை இரண்டாக மடித்து அதில் தைக்கத் தொடங்குங்கள். அதன் ஓரத்துக்கு வந்ததும் ஊசி கீழே இருக்க நிறுத்தி, உண்மையான துணியை அதை முட்டும்படி வைத்துத் தொடருங்கள். துணி வரும்போதே பின்பாதிப் பல் வெட்டுத்துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். நூல் முனைகளின் தொல்லையும் வெட்டுத்துணியோடு போய்விடும். தையல் முடியும் இடத்திலும் இன்னொரு துண்டைத் தைத்துவிட்டு நிறுத்தினால், அடுத்த தையலுக்கு அதுவே ஆரம்பத் துணி. ஒரு நாளில் பத்து ஜாக்கெட் தைப்பவருக்கு நூல் மிச்சமும் நேர மிச்சமும் இதில் சேர்ந்தே வரும். மேலே மதிப்பிட்ட எல்லாப் பொருளையும்விட இதற்கே அதிக மதிப்பெண் தருவோம்.

சிக்கிவிட்டால்

இழுக்காதீர்கள். ஷிஃபானில் இழுத்த இழை திரும்பச் சேராது. மின்சாரத்தை நிறுத்துங்கள். கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது அசைத்து ஊசியை மேலே கொண்டுவந்து, ஊசிக்குக் கீழே மேல் நூலை வெட்டி, ஃபுட்டைத் தூக்குங்கள். பாபினை எடுத்துவிட்டு, சிறு கத்தரியால் கீழிருக்கும் நூல் கூட்டை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுங்கள். அதற்கும் துணி விடவில்லை என்றால் தட்டின் திருகுகளைக் கழற்றித் தட்டோடு சேர்த்துத் துணியை எடுப்பதே பாதுகாப்பு.

தட்டைக் கழற்றிய கையோடு பற்களுக்கு நடுவில் அடைந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். பஞ்சு அடைத்த பல் துணியைப் பிடிக்காது. எண்ணெய் விடும்படி மெஷினின் கையேடு சொல்லியிருந்தால் ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும். புது ஊசி மாட்டி, கைச்சக்கரத்தால் பத்துத் தையல் வெட்டுத்துணியில் போட்டுப் பாருங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தாலோ, சுற்றும்போது ஏதாவது இடித்தாலோ டைமிங் விலகியிருக்கிறது. அதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.